அத்தியாயம் 4: நாயகருக்கு என்ன சக்தி கொடுப்பது?

இரும்புக்கை மாயாவிக்கு உடம்பு முழுக்க மறையும், வலது கை மட்டும் மறையாது. சூப்பர் ஹீரோ கதை எழுத உட்காருகிறவர் முதலில் யோசிக்க வேண்டியது அந்தக் கையைப் பற்றித்தான்.

1972-இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழே அவர் கதைதான். அதற்குப் பத்து வருடம் முன்பு 'வேலியண்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழில் பிறந்தவர் அவர். லூயி கிராண்டேல் என்று பெயர், ஆய்வுக்கூட உதவியாளர். ஒரு விபத்தில் வலது கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்டவர். இன்னொரு விபத்தில் உடம்பில் மின்சாரம் பாய, உருவம் மறைந்துபோகிறது. எஃகுக் கை மட்டும் காற்றில் நிற்கிறது. அன்று முதல் மின்சாரம் ஏறினால் மறைவார், ஏறியது தீர்ந்தால் தெரிவார்.

இதில் சக்தி ஒன்றுதான். பூட்டு மூன்று. கை தெரியும் என்பது முதல் பூட்டு. மின்சாரம் வேண்டும் என்பது இரண்டாவது. நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது மூன்றாவது. மேற்குத் தாம்பரத்தில் நான் படித்த வாடகைப் புத்தகக் கடையில் அந்த இதழ்கள் அட்டை கிழிந்துதான் கைக்கு வரும். ஓரம் மடங்கி, எண்ணெய்க் கை பட்டு, நடுப்பக்க ஊசி துருவேறி இருக்கும். இருட்டு அறையில் பிளக் பாயிண்டை நோக்கி ஒரு கை மட்டும் நகர்ந்து போகும்போது, மாயாவி வில்லனை ஜெயிப்பாரா என்ற கவலை எனக்கு வந்ததே இல்லை. அந்தப் பாயிண்டில் கரண்ட் இருக்க வேண்டுமே என்றுதான் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

இந்த அத்தியாயம் சொல்ல வருவது இதைத்தான். சக்தியைத் தேர்ந்தெடுப்பது அரை மணி நேர வேலை. அது எங்கே நிற்கும், பதிலுக்கு என்ன கேட்கும், எந்த ஊரில் நடக்கும் என்று முடிவு செய்வதற்குத்தான் நாள் கணக்காகும். அந்த வேலையை முடிக்காமல் முதல் பக்கத்தைத் தொடாதீர்கள்.

சிறுவர்களுக்கு எழுதுகிறவர்களுக்கு இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சக்தி வந்த வழி, ஒரு குழந்தை வீட்டில் செய்து பார்க்கக்கூடியதாக இருக்கக் கூடாது. ஷாக் அடித்தால் சக்தி வரும், மாடியிலிருந்து குதித்தால் சிறகு முளைக்கும் என்று இன்று எழுதாதீர்கள். மாயாவியைப் படித்துவிட்டு ஸ்விட்ச் போர்டை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டு நின்ற சிறுவன் நான். அதனால் சொல்கிறேன்.

ஊரில் இறக்கிப் பாருங்கள்

பறப்பது, மறைவது, பலம், வேகம், அடுத்தவர் மனதைப் படிப்பது. புதிதாக எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஐந்தில்தான் கை வைக்கிறார்கள். தவறில்லை. எல்லோருக்கும் தெரிந்த சக்தி என்பது எல்லோருக்கும் தெரிந்த ராகம் மாதிரி, பாடுகிற விதத்தில் புதிதாகும். ஆனால் அதை நியூயார்க்கில் வைத்து யோசிக்காதீர்கள். நீங்கள் பால் வாங்கப் போகிற தெருவில் இறக்கிப் பாருங்கள். நான் தாம்பரத்துக்காரன், அதனால் தாம்பரத்தில் இறக்குகிறேன்.

பறப்பதை எடுத்துக்கொள்வோம். 1938-இல் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் வந்த சூப்பர்மேன் பறக்கவில்லை, தாவினார். ஒரு தாவலுக்கு எட்டில் ஒரு மைல், அதாவது சுமார் 200 மீட்டர். பன்னிரண்டு பெட்டி மின்ரயில் நிற்கிற நடைமேடையை அவரால் ஒரே தாவலில் கடக்க முடியாது. பறப்பது பின்னால்தான் சேர்ந்தது. என் கருத்தைக் கேட்டால் தாவுகிற சூப்பர்மேனிடம்தான் கதை அதிகம். தாவுகிறவர் எங்கேயாவது கால் ஊன்ற வேண்டும். யார் வீட்டு ஓட்டின் மேல், எந்த மொட்டை மாடியில், யார் வடகம் காயவைத்த வேட்டியின் மேல் என்ற கேள்வி உடனே வந்துவிடும். பறக்கவே வைப்பீர்கள் என்றால் மேலே அண்ணாந்து பாருங்கள். மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானங்கள் பம்மல், பொழிச்சலூர்ப் பக்கம் தலைக்கு மேல் தாழ வரும். தாம்பரம் விமானப்படைத் தளத்தில் பறக்கும் பயிற்றுநர்களுக்கான பள்ளி இருக்கிறது. பெருங்குடிக் குப்பைமேட்டுக்கு மேல் பருந்துகள் வட்டமடிக்கும். ஜி.எஸ்.டி. சாலைக்குக் குறுக்கே உயர் அழுத்தக் கம்பிகள். இந்த வானத்தில் காலி இடம் எது என்று உங்கள் நாயகிக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொள்வதற்கே ஒரு அத்தியாயம் போகும், போகட்டும்.

மறைவது அடுத்தது. எச்.ஜி. வெல்ஸ் 1897-இல் எழுதிய நாவலை ஒவ்வொரு எழுத்தாளரும் ஒருமுறை படித்துவிட வேண்டும், மறைந்தவனின் சிரமங்களைத் தெரிந்துகொள்வதற்காக. சாப்பிட்டது செரிக்கும் வரை வயிற்றில் தெரியும். உடை மறையாது, ஆகவே குளிரில் உடையில்லாமல் திரிய வேண்டும். பனி மேலே விழுந்தால் உருவம் தெரிந்துவிடும். இன்னொரு சிக்கல் கண்ணில் இருக்கிறது. ஒளி விழித்திரையில் விழுந்து நின்றால்தான் பார்வை. எல்லாமே கண்ணாடி போல ஒளியை விட்டுவிட்டால் மறைந்தவருக்குக் கண் தெரியாது. இதை வைத்தே தனிக்கதை எழுதலாம்.

இப்போது அவரைக் காலை எட்டே முக்காலுக்குத் தாம்பரம் ரயில் நிலையத்து நடைமேம்பாலத்தில் நிறுத்துங்கள். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின்ரயில் 1931 முதல் ஓடுகிறது. அந்தக் கூட்டத்தில் மறைவது என்றால் என்ன? அவர் நிற்கிற இடம் காலியாகத் தெரியும். காலியாகத் தெரிகிற இடத்தை நோக்கித்தான் கூட்டம் பாயும். டிபன் கேரியர் விலாவில் இடிக்கும், செருப்புக் கால் பாதத்தை மிதிக்கும். யாரும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை, அங்கே யாரும் இல்லையே. சாலையைக் கடந்தால் எந்த ஓட்டுநரும் பிரேக் போட மாட்டார். ஐப்பசி மழையில் நின்றால் தண்ணீர் அவர் தோளில் பட்டுத் தெறித்து, ஆள் உயரத்துக்கு ஒரு வெற்றிடம் மழைக்குள் நிற்கும். மறைவது ஊருக்கு வெளியே, யாரும் இல்லாத இடத்தில் எளிது. எங்கள் ஊரில் அது உயிருக்கு ஆபத்தான சக்தி. ஒரு சக்தி ஒரு ஊரில் வேறு பொருள் கொள்ளும் என்று நான் சொல்வது இதைத்தான்.

வேகத்துக்கு ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்குப் போடாத வேகம் வெறும் கோடுகளாகப் போய்விடும். தாம்பரத்திலிருந்து கடற்கரை நிலையம் சுமார் 29 கிலோமீட்டர். மின்ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஒலியின் வேகத்தில் ஓடினால் ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவு. கால் மட்டும் வேகமாக இருந்தால் முதல் வளைவிலேயே மோதிவிடுவார், மனமும் அதே அளவு வேகமாக ஓட வேண்டும். மனம் ஆயிரம் மடங்கு வேகமானால், அம்மா "வாப்பா" என்று சொல்லி முடிக்கிற ஒரு நொடி அவருக்குப் பதினாறு நிமிடத்துக்கு மேல். சாப்பாட்டுத் தட்டில் ரசம் விழுவதைப் பார்த்துக்கொண்டு நிமிடக் கணக்கில் உட்கார்ந்திருப்பார். வேகமானவர்தான் உலகத்திலேயே அதிகம் காத்திருப்பவர். பலர் எழுதிய பாத்திரம்தான், ஆனாலும் அந்தத் தனிமையைத் தமிழில் யாராவது ஆழமாக எழுதிக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை.

பலத்துக்குத் தரை வேண்டும். பேருந்தைத் தூக்குகிறவர் எதன் மேல் நிற்கிறார் என்று பாருங்கள். பள்ளிக்கரணைச் சதுப்பில் நின்று தூக்கினால் பேருந்து மேலே போகாது, அவர் கீழே போவார். விழுகிறவரைப் பிடிப்பதும் அப்படித்தான். 1973-இல் ஸ்பைடர்மேன் கதையில் பாலத்திலிருந்து தள்ளிவிடப்பட்ட க்வென் ஸ்டேசியை அவன் வலை வீசிப் பிடித்துவிடுகிறான், ஆனால் அவள் உயிர் போய்விடுகிறது. விழுகிற வேகம் சட்டென்று நின்றதே கழுத்துக்கு எமனாகிறது. படித்த ஒரு தலைமுறையே அதிர்ந்தது. இயற்பியலைக் கதைக்குள் விட்டால் கதை கெட்டுவிடும் என்பார்கள். க்வென் ஸ்டேசி அதற்குப் பதில்.

மனதைப் படிக்கிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த மொழியில் படிப்பார்? எங்கள் மின்ரயில் பெட்டியில் தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா, வங்காளம் என்று எல்லா மொழியிலும் நினைத்துக்கொண்டு வருகிறார்கள்.

மணிமேகலைக்குக் கிடைத்தது

சக்திகளின் பழைய பட்டியலான எட்டு சித்திகளைப் பிறகு பார்ப்போம், அதற்கு முன் மணிமேகலைக் காப்பியத்தின் நாயகி மணிமேகலை. சக்தியையும் பூட்டையும் சேர்த்து வடிப்பதில் தமிழில் அவளுக்கு மேல் பாடம் இல்லை. இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

புகாரின் உவவனத்திலிருந்து மணிமேகலா தெய்வம் அவளைத் தூக்கத்திலேயே மணிபல்லவத் தீவுக்குக் கொண்டுபோகிறது. அங்கே மூன்று மந்திரம் கிடைக்கிறது. வேற்றுருவம் எடுக்க ஒன்று, வானத்தில் செல்ல ஒன்று, பசியைத் தாங்க ஒன்று. உலகக் காமிக்ஸ் நாயகர் பட்டியலை எடுத்துப் பாருங்கள், முதல் இரண்டும் ஆயிரம் பேருக்கு இருக்கும். மூன்றாவதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பசி பட்ட நாட்டில்தான் அந்தச் சக்தி ஒரு கவிஞருக்குத் தோன்றும்.

அப்புறம் அமுதசுரபி. அதைக் கோமுகிப் பொய்கையிலிருந்து எடுக்க நாள் உண்டு, வைகாசி விசாகத்தன்று மட்டும்தான் மேலே வரும். எடுத்தவுடன் சுரந்துவிடாது, முதல் பிச்சையைக் கற்பில் சிறந்த ஒருத்தி இட வேண்டும், அவள்தான் ஆதிரை. பாத்திரத்துக்கு முன்கதையும் உண்டு. மதுரையில் சிந்தாதேவி அதை ஆபுத்திரனுக்குக் கொடுத்தாள். பஞ்சத்தில் அவன் ஊருக்கே சோறிட்டான். பிறகு மழை பெய்து நாடு செழித்தது. பசித்தவர் வரவில்லை. வற்றாத பாத்திரத்தை வைத்துக்கொண்டு உண்பவர் இல்லாமல் தேடி அலைந்தான். கப்பலேறினான், கப்பல் அவனை ஆளில்லாத அதே மணிபல்லவத்தில் விட்டுப் போனது. தனக்கு மட்டும் சோறு எடுத்து உண்ண மனமில்லாமல் பாத்திரத்தைப் பொய்கையில் விட்டு உண்ணாமல் உயிர் விட்டான். சக்தியைப் பறித்து நாயகனைத் துன்பப்படுத்துவது எல்லோருக்கும் தெரிந்த வழி. சக்தி அப்படியே இருக்க, அதற்குத் தேவை இல்லாமல் போவதால் வருகிற துன்பம் இருக்கிறதே, அதை எழுதத் துணிச்சல் வேண்டும்.

வேற்றுருவ மந்திரத்துக்கு அவள் கொடுத்த விலையையும் பாருங்கள். தன்னைத் துரத்தும் அரசகுமாரன் உதயகுமாரனிடமிருந்து தப்ப, காயசண்டிகை என்ற பெண்ணின் உருவத்தை எடுக்கிறாள். காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் வருகிறான். மனைவி என்றே நம்புகிறான். தன்னைப் பாராமல் அரசகுமாரனிடம் பேசுகிறாளே என்று கொதித்து உதயகுமாரனை வெட்டிவிடுகிறான். தப்பிக்க எடுத்த உருவம் கொலையில் முடிகிறது. அவளைச் சிறையில் வைக்கிறார்கள், அங்கே பட்டினி போட்டபோது மூன்றாம் மந்திரம் காக்கிறது. மூன்றில் ஒன்று கூட அலங்காரத்துக்கு இல்லை, ஒவ்வொன்றும் கதையை ஒரு அடி நகர்த்துகிறது. உங்கள் நாயகிக்கு நான்கு சக்தி கொடுத்திருந்தால், ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டு கதை நிற்கிறதா பாருங்கள். நின்றால் அந்தச் சக்தி வேண்டாம்.

எட்டு சித்தி என்ற பெட்டி

அணிமா சிறிதாவது, மகிமா பெரிதாவது, லகிமா இலேசாவது, கரிமா கனமாவது. பிராப்தி எட்டாததை எட்டுவது, பிராகாமியம் நினைத்ததை அடைவது, ஈசத்துவம் ஆள்வது, வசித்துவம் வசப்படுத்துவது. திருமூலர் காலத்திலிருந்து தமிழில் புழங்குகிற பட்டியல். மூலன் என்ற இடையன் இறந்துகிடக்க, மாடுகள் அழுவதைப் பொறுக்காமல் அவன் உடலில் புகுந்தவர் என்று திருமூலரைச் சொல்கிறார்கள். கூடு விட்டுக் கூடு பாய்வதற்கு மாடுகளின் கண்ணீரைக் காரணமாக வைத்த கதை, எனக்குத் தெரிந்து வேறெங்கும் இல்லை.

பெட்டியைத் திறந்தால் அதிகம் கைபடாமல் கிடப்பது கரிமா. பாரதத்தில் வழியில் படுத்திருந்த கிழக் குரங்கின் வாலைப் பீமனால் அசைக்க முடியவில்லை, அது அனுமன். அடிப்பதும் இல்லை, பறப்பதும் இல்லை, அசையாமல் இருப்பதுதான் அந்தச் சக்தி. ஒரு ஏரிக்கரையில் உட்கார்ந்துவிட்ட அறுபது வயதுப் பெண்மணியை எந்த ஜே.சி.பி.யாலும் நகர்த்த முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கதை தொடங்கிவிட்டது. பூட்டும் கூடவே வந்துவிட்டது: கனமாக ஆக ஆகக் கரை மண் அவரைத் தாங்குமா? எத்தனை நாள் சாப்பிடாமல் உட்காருவார்? யார் அவருக்குக் கஞ்சி கொண்டுவருவார்கள்?

அரிதான சக்திகள்

அரிதான சக்தி என்றால் விசித்திரமான சக்தி என்று பலர் நினைக்கிறார்கள். விசித்திரம் ஒரு பக்கத்தில் தீர்ந்துவிடும். அமெரிக்கக் காமிக்ஸில் எதையும் தின்று செரிக்கும் ஒரு பையன் 1962 முதல் இருக்கிறான், மேட்டர் ஈட்டர் லாட் என்று பெயர். 1990-களின் தொடக்கத்தில் அணில்களோடு பேசும் அணில் பெண் வந்தாள், முதல் கதையிலேயே டாக்டர் டூம் என்ற பெரிய வில்லனை அணில் படையோடு தோற்கடித்தாள். 1984-இல் வந்த சைஃபர் என்ற பையனுக்கு எந்த மொழியும் புரியும், அவ்வளவுதான் சக்தி. சண்டைக் கதையில் அவனுக்கு வேலை கொடுக்க எழுதியவர்கள் திண்டாடியது தெரியும். அவனை எங்கள் பக்கம் கொண்டுவாருங்கள். பெருங்களத்தூரில் எழும் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒடியா பேசும் தொழிலாளி சாரத்திலிருந்து விழுந்து கிடக்கிறார், எங்கே வலிக்கிறது என்று சொல்கிறார், யாருக்கும் புரியவில்லை. சைஃபருக்கு அங்கே நாள் முழுக்க வேலை.

சக்தியே இல்லாமல் சக்தியைக் காட்டுகிற வித்தையும் உண்டு. லீ ஃபாக் 1936-இல் படைத்த முகமூடி வீரர், தமிழில் வேதாளர் என்றும் மாயாவி என்றும் படித்தோமே, அவருக்கு எந்த அமானுஷ்யமும் கிடையாது. அப்பாவுக்குப் பின் மகன் அதே முகமூடியை அணிகிறான், காடு அவரைச் சாகாதவர் என்று நம்புகிறது. வதந்திதான் அவர் சக்தி. அது நானூறு வருடம் உழைத்துச் சம்பாதித்த வதந்தி.

நம் சினிமாவில் 2023-இல் வந்த 'மாவீரன்' இந்த விஷயத்தில் நல்ல பாடம். படக்கதை வரைகிற பயந்த இளைஞனுக்குக் காதில் ஒரு குரல் கேட்கிறது, அடுத்து நடக்கப்போவதைக் கதை போலச் சொல்கிறது. அதைக் கேட்டால் தப்பிக்கலாம், ஆனால் அது அவனை வீரனாக்கியே தீருவேன் என்கிறது. அவனுக்கோ வீரனாக விருப்பமில்லை. சக்தியே எதிரி மாதிரி நடந்துகொள்கிறது. அதே வருடத்து 'வீரன்' மின்னலில் கிடைத்த சக்தியை ஊர்க் காவல் தெய்வத்தின் பெயரில் உலவ விட்டது. 2021-இல் வந்த மலையாளப் படம் 'மின்னல் முரளி'யில் ஒரே இரவில் இரண்டு பேர் மேல் மின்னல் விழுகிறது. நம் குரு சோமசுந்தரம் நடித்த ஷிபுவைப் பார்த்து முடிக்கும்போது, யார் வில்லன் என்று மனம் உறுதியாகச் சொல்ல மறுக்கும். ஒரே சக்தி இருவருக்குக் கிடைத்து, ஒருவனை ஊர் நேசித்து இன்னொருவனை ஊர் ஒதுக்கினால் என்ன ஆகும் என்ற கேள்விதான் அந்தப் படத்தைத் தூக்கி நிறுத்துகிறது.

அரிதான சக்தியை எங்கே தேடுவது? நான் ஊர்ப் பெயர்களில் தேடுகிறேன். எனக்குக் கிடைத்த இரண்டைத் தருகிறேன், எடுத்து எழுதிக்கொள்ளுங்கள்.

பல்லாவரம். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியலாளர் இங்கே சரளைக் குழியிலிருந்து ஒரு கற்கருவியை எடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்ததற்கு முதல் சான்று அது. அதே பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை தோறும் சந்தை கூடும். பழைய செல்போன், மிக்சி ஜார், செடி, கிளி, ஒற்றைக் கால் உடைந்த நாற்காலி, யாரோ விட்டுப்போன குடும்பப் புகைப்படத்தின் சட்டம் வரை கிடைக்கும். ஒரு பொருளைத் தொட்டால் அதைக் கடைசியாக வைத்திருந்தவரின் கை எப்படி இருந்தது என்று தெரிகிற ஒருத்தியை அந்தச் சந்தையில் நடக்க விடுங்கள். ஒரு டார்ச் லைட்டைத் தொடுகிறாள், நடுங்கும் விரல்கள். ஒரு டிபன் பாக்ஸ், சூடுபட்ட கட்டைவிரல். பூட்டு: கை மட்டும்தான் தெரியும், முகம் தெரியாது, பெயர் தெரியாது. தேடிப்போக வேண்டியது அவள் பொறுப்பு. ஒருநாள் சரளை மண்ணில் கால் இடறி ஒரு கல்லைத் தொடுகிறாள்.

அடுத்தது சானடோரியம். ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர். டாக்டர் சௌரி முத்து 1928-இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனைதான் இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. நல்ல காற்றும் ஓய்வுமே அன்றைக்கு மருந்து. தன் மூச்சை இன்னொருவருக்குக் கடன் கொடுக்கக்கூடிய ஒரு வார்டு ஊழியரை நினைத்துப் பாருங்கள். பத்து நிமிடம் கொடுத்தால் பத்து நிமிடம் இவர் திணற வேண்டும். அதற்கு மேல் கொடுக்க முடியாது என்றில்லை, கொடுக்கலாம், அதுதான் பயம். இரவுப் பணியில் மூன்று படுக்கைகளில் ஒரே நேரத்தில் இருமல் கேட்கிறது. இந்தக் கதைக்கு வில்லன் தேவைப்படாது.

எழுதும் முன் போட வேண்டிய தாள்

ஒரு வெள்ளைத் தாள் எடுங்கள். நடுவில் சக்தியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். 'மற்றும்' வந்தால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள், இரண்டு சக்தி ஆகிவிட்டது. அதன் கீழே, அது எப்போது வேலை செய்யாது என்று எழுதுங்கள். சூப்பர்மேனைப் பலமிழக்க வைக்கும் கிரிப்டோனைட் 1943-இல் வானொலித் தொடரில்தான் முதலில் வந்தது, ஆள் வந்து ஐந்து வருடம் கழித்து. அவருக்கு ஐந்து வருடம் கிடைத்தது, உங்களுக்குக் கிடைக்காது. இன்றே எழுதிவிடுங்கள். அடுத்து, சக்தியைப் பயன்படுத்தியதும் உடம்பில் எங்கே வலிக்கும் என்று எழுதுங்கள். பசி, தூக்கம், காதில் இரைச்சல், ஞாபக மறதி எதுவாகவும் இருக்கட்டும், உடம்பில் இடம் குறித்தே ஆக வேண்டும். அடுத்தது, யாருக்கு இந்த ரகசியம் தெரியும்? ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும், இல்லையென்றால் உங்கள் நாயகர் பக்கம் பக்கமாகத் தனக்குத் தானே பேசிக்கொள்ள நேரும். கடைசியாக, அவர் வீட்டிலிருந்து அரை மணி நேர நடையில் இருக்கிற ஏழு இடங்களின் பெயர். சினிமா தியேட்டர், ரேஷன் கடை, குளம், எதுவானாலும். சண்டை எங்கே நடக்கும் என்று அந்த ஏழில் ஒன்று உங்களுக்குச் சொல்லும்.

தாளை மடித்து இரண்டு நாள் வைத்திருங்கள். எடுத்துப் படிக்கும்போது சக்தியைவிட அது வேலை செய்யாத இடத்தைப் பற்றி எழுதத்தான் கை துறுதுறுக்கிறது என்றால் தாள் சரி.

இந்தத் தாளை நான் சனிக்கிழமைகளில் சிட்லபாக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்தும் வகுப்பில்தான் உருவாக்கினேன். முதல் வகுப்பில் என்ன சக்தி வேண்டும் என்று துண்டுச்சீட்டில் கேட்டபோது, ஏறக்குறைய எல்லாச் சீட்டிலும் பறப்பது வந்தது. ஒரு சீட்டில் மட்டும் 'தண்ணி எதுவரைக்கும் வரும்னு தெரியணும்' என்று பென்சிலில் இருந்தது. எழுதியவள் முடிச்சூர்ப் பெண், ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள்.

2015 டிசம்பர் முதல் தேதி காலையிலிருந்து மறுநாள் காலை வரை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. ஆதனூர், மண்ணிவாக்கம் ஏரிகள் நிரம்பி வழிந்து, அடையாறு பெருகி, முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அப்போது அவளுக்கு ஐந்து வயது. பிரிட்ஜ் மிதந்து போய்க் கதவில் இடித்த சத்தம்தான் தனக்கு ஞாபகம் இருக்கிறது என்றாள்.

அவள் கதையின் நாயகிக்கு மழை தொடங்கியதும் ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் ஏறப்போகும் மட்டம் கண்ணுக்குத் தெரியும். வாயால் சொல்ல வராது, சாக்பீஸால் சுவரில் கோடு போடத்தான் வரும். முதல் வீட்டில் திட்டினார்கள். இரண்டாவது வீட்டில் ஒரு பாட்டி மட்டும் நம்பினாள். கோடு மாடிப்படியில் ஐந்தாவது படிக்கு மேல் விழுந்திருந்தது. பாட்டி சொன்ன பிறகு சர்டிபிகேட் பையையும் சிலிண்டரையும் தைத்துக்கொண்டிருந்த மெஷினையும் மேலே ஏற்றினார்கள். தெருவெல்லாம் கோடு போட்டுவிட்டு நாயகி தன் வீட்டு வாசலுக்கு வருகிறாள். அங்கே எந்த மட்டமும் தெரியவில்லை. சுவர் வெறும் சுவராக இருக்கிறது.

அதோடு நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "இதுக்கு மேல எப்படி சார் போறது?"

நான் பதில் சொல்லவில்லை. அவள் தாளில் ரகசியம் யாருக்குத் தெரியும் என்ற இடம் காலியாக இருந்ததை மட்டும் விரல் வைத்துக் காட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை இரண்டு பக்கம் கூடுதலாக எழுதி வந்தாள். எதிர்வீட்டு அக்கா முழங்கால் தண்ணீரில் இறங்கி வருகிறாள். "எல்லார் வீட்டுக்கும் நீ போட்டே, உனக்கு யாருடீ போடுவா? குடு இங்க" என்று நாயகியின் கையிலிருந்து சாக்பீஸை வாங்குகிறாள். அக்காவுக்கு எந்தச் சக்தியும் கிடையாது. தன் வீட்டுச் சுவரில் விழுந்த கோட்டை நினைவில் வைத்து, இரண்டு வீட்டு வாசற்படி உயரத்தையும் சாணால் அளந்து பார்த்து, நனைந்த சுவரில் சாக்பீஸ் ஒட்டாமல் வழுக்க வழுக்க, மூன்றாவது முறை அழுத்திக் கோடு போடுகிறாள்.